ஏரிக்கரைக்குக் கீழே ஒரு சாட்சிக் கையெழுத்து

என் தங்கை மலர் பெங்களூரில் வீடு வாங்குகிறாள், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட நான் வர வேண்டும் என்று போன் வந்தபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது மாடி?" என்பதுதான்.

"தரைத்தளம்ண்ணா" என்றாள்.

அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்துக்கொண்டது. என் பயம் பூகோளம் படித்ததில்லை.

காரணம் உண்டு. நான் தென்பெண்ணைக் கரையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். ஒரு கார்த்திகை மாதத்தில் புயல் கரையேறி, மேலே அணையைத் திறந்துவிட, ஆறு என் அச்சகத்துக்குள் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. ஒன்பது கல்யாணங்களின் பத்திரிகைகள் மிதந்தன. மணமகன்கள் வாசல் வழியாகவும் மணமகள்கள் ஜன்னல் வழியாகவும் வெளியேறினார்கள். கல்யாணங்கள் அப்புறம் நடந்தன. யாருக்கு யாரோடு என்று நான் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து வானம் கறுத்தால் ரேஷன் கார்டை பனியனுக்குள் செருகிக்கொள்வேன். தூறல் போட்டால் கிரைண்டரைப் பரணில் ஏற்றுவேன். இறக்குவது என் மனைவி. குடும்பத்தில் எனக்குப் பீதாம்பரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீதியில் பிறந்த பெயர்.

இதில் என் தவறும் இருக்கிறது. என் பயத்தை நானே கிண்டலாகச் சொல்லிச் சொல்லி, அது வீட்டாருக்கு இலவசப் பொழுதுபோக்காகிவிட்டது. உண்மையாகவே நடுங்கும்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, தனியாகப் போய் நடுங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே நின்றபடி தட்டு இட்லி. நம் ஊர் இட்லி நாலு சேர்ந்து கூட்டுக் குடும்பம் நடத்துவது மாதிரி ஒன்று; மேலே ஒரு கரண்டி வெண்ணெய். பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கன்னடம் பேச வராது. ஆனால் பயம் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் எந்த மொழியும் புரிந்துவிடும்.

"நேற்று எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டாய்?"

"இரண்டரை மணி நேரம். வண்டியிலேயே தூங்கிவிட்டேன். தண்ணீர் வடிந்தது, வந்தேன்."

மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வந்ததுபோல் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு இட்லியின் மூன்றாவது விள்ளல் இறங்கவில்லை.

ஆட்டோ ஓட்டியவர் நீலசந்திராக்காரர், ஐம்பது வயது இருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் மீட்டரோடு வாயையும் திறந்தார். ஒக்கலிபுரம் தாண்டி எங்கோ சுற்றிக்கொண்டு போய், ஒரு சுரங்கப்பாதைக்கு முன்னால் சட்டென்று நிறுத்திவிட்டார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாதைக்குள் காப்பி நிறத்தில் தண்ணீர்.

"ஏன் பாய் நிறுத்திட்டீங்க?"

"முன்னாடி போற கார் டயர் தெரியுதா சார்?"

"பாதி தெரியுது."

"பாதி தெரிஞ்சா நிக்கணும். முழுசா தெரிஞ்சா போணும். ஒண்ணும் தெரியலன்னா துவா பண்ணணும்."

"இங்க மழையே இல்லையே பாய்?"

"இங்க இல்ல சார். விடிகாலைல மேல எங்கியோ அடிச்சிருக்கும். தண்ணிக்கு அட்ரஸ் தெரியும், நேரா வந்துரும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்களைத் தாண்டி ஒரு கார் உள்ளே போனது. நடுவில் நின்றது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாக ஒரு மனிதர், தலையில் கம்ப்யூட்டர் பையோடு, பிரசவமாவதுபோல் மெல்ல மெல்ல வெளியே வந்தார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் அவருக்காக ஹாரன் அடித்தன, என்னவோ அவர் வேண்டுமென்றே தாமதிப்பதுபோல. ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். நான் பனியனுக்குள் கை விட்டுப் பார்த்தேன். ரேஷன் கார்டு இருந்தது.

மலர் குடும்பம் நீலசந்திராவில் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறது. குறுகலான படி, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரில் பல்லியாக வேண்டும். மேலே ஜன்னலோரம் கட்டிலில் மலரின் மாமனார் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். கோலார் தங்கவயலில் முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். கல் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் எருமை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"வா தம்பி. இன்னா, உங்க ஊர் ஆறு எப்டிகீது?"

"தூங்குது மாமா."

"நீ?"

"நான் அதப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்கேன்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடமாயிற்று. "எறங்கறதுதான் என் வேலயே. ஆயுசு பூரா எறங்கினேன். இப்போ இந்த மூணு மாடி எறங்கி ரெண்டு வருசம் ஆச்சு தம்பி" என்றார். ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதில் உட்காரும் காக்கைகளுக்கெல்லாம் பழைய மேஸ்திரிகளின் பெயர் வைத்திருந்தார்.

தரைத்தளம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் தங்கை கணவர் செல்வராஜ் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டின் பெருமையை ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், தண்ணி இருக்கிற வீடு! சொந்த போர். ஐம்பது அடிலயே தண்ணி நிக்குது. நம்ம சைட்ல எல்லாம் ஆயிரம் அடி போட்டாலும் புழுதிதான் பறக்குது குரு."

பெங்களூரில் ஆளுக்கு ஆள் ‘குரு’தான், சிஷ்யன் கிடையாது. அவரைக் குறை சொல்ல முடியாது. போன கோடையில் இவர்கள் குளிப்பதற்கு முறை வைத்திருந்தார்களாம். டேங்கர் லாரி வந்தால் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை காரைப் பார்க்க ஓடுவது மாதிரி தெருவே ஓடுமாம். மாமாவின் மெஷினுக்கு ஊற்றும் தண்ணீரைப் பூட்டி வைத்திருந்தாள் மலர். அந்த ஏப்ரலில் செல்வராஜ் வீடு பார்க்கக் கிளம்பினார். பதினான்கு வீடுகள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: தண்ணீர் இருக்கிறதா? பதினைந்தாவது வீட்டில் ஓனர் குழாயைத் திறந்து காட்டினார். விரல் கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. செல்வராஜ் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

எங்கள் ஊரில் வீடு பார்க்கப் போனால், "வெள்ளத்தில் எதுவரை வந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம். அந்தக் கேள்வி இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. தாகத்தில் இருப்பவனிடம் போய் மூழ்குவதைப் பற்றிப் பேசினால் பைத்தியம் என்பான்.

புதன்கிழமை நானும் செல்வராஜும் வீட்டைப் பார்க்கப் போனோம். ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே, இறக்கத்தில் ஒரு புதுக் குடியிருப்பு. போகப் போக எங்கள் வண்டி பெட்ரோலே இல்லாமல் தானாக உருண்டது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. வண்டி உருளும் வழியில்தான் தண்ணீரும் உருளும்.

வீடு அழகாகத்தான் இருந்தது. கீழே விற்பனைக்கு, மேலே ஓனர் குடும்பம். தெருவோரத்திலேயே மாமாவின் கட்டிலுக்கு ஏற்ற அறை, பெரிய ஜன்னல், வெளியே ஒரு வேப்பமரம், காய்கறி வண்டி, பள்ளிக்கூட வேன். செல்வராஜ் அந்த ஜன்னலைத் திறந்து மூடித் திறந்து காட்டினார்.

நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன். சுவிட்சு, பிளக் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. பிரிட்ஜுக்கான பிளக்கும்கூட.

"ஏன் சார், இவ்ளோ மேல வெச்சிருக்கீங்க?"

"சின்னக் குழந்தைகள் கை வைக்காமல் இருக்க" என்றார் ஓனர், கன்னடத்தில். அவருக்குக் குழந்தை ஒன்று, கல்லூரியில் படிக்கிறது.

வெளிச்சுவரில் நெஞ்சு உயரம் வரை பளபளவென்று டைல்ஸ். "துடைக்கச் சுலபம்" என்றார். கேட்டுக்கு அடியில் முழங்கால் உயரத்தில் சிமெண்டுக் கட்டை. தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். "எலி வரும், அதற்காக."

பெங்களூர் எலி எவ்வளவு உயரம் தாண்டும் என்று கேட்க நினைத்தேன். செல்வராஜின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். என் ஊரில் வெள்ளத்துக்குப் பிறகு நாங்களும் இதையெல்லாம்தான் செய்தோம். எலிக்கு என்று சொல்லத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.

தெரு முடிவில் ஒரு பச்சை மேடு. பூங்கா என்று நினைத்து ஏறினேன். ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் ஏரி, கரையின் விளிம்பு வரை தண்ணீர். நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் மாமாவின் ஜன்னல் எனக்குக் கீழே இருந்தது. தண்ணீருக்கும் கீழே இருந்தது.

மதகுப் பக்கம் ஒரு பெண்மணி, சுடிதாருக்கு மேல் ரெயின்கோட் போட்டு, தண்ணீரில் நிற்கும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஏரி மட்டம் எடுத்துக் கொடுக்கும் வேலையாம். செல்வராஜ் மொழிபெயர்க்க, பேச்சுக் கொடுத்தேன்.

அளவுகோலின் மேல்பாதி மட்டும் புதுப் பெயிண்ட். "முதலில் இவ்வளவு உயரம் இல்லை. கோல் மூழ்கிவிட்டது, மேலே ஒட்டுப் போட்டோம்" என்றார்.

"ஆனா ஏப்ரல்ல இங்க பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க மேடம்" என்றார் செல்வராஜ்.

"ஆமாம். இரண்டும் ஒரே வானத்தின் வேலைதான்." சூடு ஏறினால் காற்று அதிகமாக நீரைச் சுமக்கிறது, நாள் கணக்கில் சொட்ட வேண்டியதை ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்தில் கொட்டுகிறது என்றார். மேலேயுள்ள ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து இங்கே வந்து சேரும். நடுவில் நிலமெல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டதால், ஒரு இரவில் நடந்து வந்த தண்ணீர் இப்போது ஓடி வருகிறது.

பிறகு அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "சின்ன வெள்ளம் குறைந்தாலும் குறையும். வெயிலில் காய்ந்த மண் சின்ன மழையைக் குடித்துவிடும். பெரிய மழையில் மண் குடிப்பது ஒரு வாய்தான். அதனால் பெரிய வெள்ளம் இன்னும் பெரிதாகிறது. வருடா வருடம் கால் நனைந்தால் ஜனங்களுக்கு நினைவிருக்கும். நாலு வருடம் ஒன்றும் வராது, வீடு கட்டிவிடுவார்கள். ஐந்தாம் வருடம் அது வரும்."

நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படியா? இந்த ஏரி வழிந்தால் உங்கள் ஆற்றுக்குத்தான் வரும்" என்றார், உறவுக்காரரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

இத்தனை காலம் பாம்பின் வாலில் குடித்தனம் நடத்திவிட்டு, தங்கை வீட்டு விசேஷம் என்று தலைக்கே வந்து நிற்கிறேன்.

சாயங்காலம் மலரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சுவிட்சு, டைல்ஸ், எலி, ஏரி. எலி வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணா, என் கல்யாணத்தன்னிக்கே சமையல்கட்டுல குழாய் ஒடஞ்சதுக்கு, 'அணை ஒடஞ்சிருச்சு'ன்னு பந்தியவே எழுப்பிவுட்டவன்தான நீ?"

"அது வேற மலரு..."

"பாயசத்தோட ஓடினாங்கண்ணா ஜனங்க!"

செல்வராஜும் சிரித்தார். "சும்னே பயப்படறீங்க மச்சான். ஓனரே மேலதான குடியிருக்காரு."

"அதான் மாப்ள நானும் சொல்றேன். அவரு ஏன் மேல குடியிருக்காரு?"

மலர் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே மெஷின் மூச்சு விடும் திசையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அவரு தெருவப் பாக்கணும்ணா. காக்காவுக்குப் பேரு வெச்சிக்கிட்டே போயிரக் கூடாது. எனக்கு அவ்ளோதான்" என்றாள். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பத்திரப்பதிவு. கையெழுத்துப் போடுகிறவன் நான்.

வியாழக்கிழமை நல்ல நாள், மாமாவுக்கு வீட்டைக் காட்டிவிடலாம் என்றாள் மலர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, செல்வராஜ் தலைப்பக்கம், நான் கால்பக்கம், மலர் கையில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். ஐம்பத்தொரு படி. ஒவ்வொரு மாடி திரும்பும்போதும் மாமா, "மெதுவா எறக்குங்கடா, கூண்டு கயிறு அறுந்துறப் போவுது" என்று கேலி செய்தார், சுரங்கத்தில் பெல் அடித்தால் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டை நினைத்து. கீழே வந்து தெரு வெயில் முகத்தில் பட்டதும், வாடகைக் காரில் ஏறும் வரை தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார், ஏதோ எல்லாரும் அவரை வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி.

புது வீட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டோம். வேப்பமரம், பள்ளிக்கூட வேன், சண்டை போடும் இரண்டு நாய்கள். "இது போதும் மலரு" என்றார். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படிப்பட்ட முகத்திடம் போய் அளவுகோலைப் பற்றி யார் பேசுவது?

நாலு மணிக்கு வெளிச்சம் மஞ்சளாக மாறியது. முதல் சொட்டு விழுந்ததும் நான் வானத்தைப் பார்க்கவில்லை, மேல்வீட்டுக்காரர்களைப் பார்த்தேன். ஓனர் இறங்கி வந்து ஸ்கூட்டரைச் சாய்தளத்தின் உச்சிக்கு ஏற்றினார். அவர் மனைவி கீழ்ப்படிகளில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு மேலே போனார். அவசரமே இல்லை. விளக்கேற்றும் நேரத்தில் விளக்கேற்றுவது மாதிரி செய்தார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் ரேஷன் கார்டை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

மழை என்றால் சொட்டுச் சொட்டாக விழுவது. இதில் இடைவெளியே இல்லை. அரை மணி நேரத்தில் சாக்கடை மூடிகள் அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல் டக், டக் என்றன. பிறகு மூடிகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எழுந்தது. கரிய தண்ணீர், மேலே வெள்ளை நுரை. ஏரி வழிய ஆரம்பித்துவிட்டது என்று தெருவில் யாரோ கத்தினார்கள். எலிக்கட்டையின் விளிம்பில் தண்ணீர் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு உள்ளே வந்தது.

அடுத்து நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். எனக்கு நினைவு வந்தபோது நான் மாடிப்படியின் ஏழாவது படியில் நின்றுகொண்டிருந்தேன், நெஞ்சில் ரேஷன் கார்டைப் பிடித்தபடி. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்த கால்கள், என்னைக் கேட்காமலே ஏறிவிட்டன. திரும்பிப் பார்த்தேன். மாமா கீழே, நாற்காலியில், கதவு வழியாகத் தெரிந்தார். தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டிருந்தது. அவரால் எழுந்திருக்க முடியாது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி," என்றார், "பெல்லு நீயே அடிச்சிக்கினியா?"

இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

நான், செல்வராஜ், ஓனர், எதிர்வீட்டுக்காரர் ஒருவர். வெளிப்படி, பத்தொன்பது படி, கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான். மழையில் பிளாஸ்டிக் நாற்காலி மீன் மாதிரி வழுக்கியது. பாதியில் மாமாவின் மூக்குக் குழாய் கழன்றுவிட்டது. மலர் ஒரு கையில் சிலிண்டரோடு மறு கையால் அதை மாட்ட, நாங்கள் நாலு பேரும் ஒரே படியில் அசையாமல் நின்றோம். என் கால்சட்டையில் வழிந்தது மழைதான் என்று நம்ப விரும்புகிறேன்.

மேலே ஹாலில் உட்கார வைத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. கரண்ட் போய்விட்டது. நான் பால்கனிக்கும் மாமாவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. டைல்ஸில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டில் எது முதலில் நிற்கும் என்று தெரியவில்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், பல் தந்தியடித்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

செல்வராஜ் லுங்கியைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மெயின் ரோட்டுக்குப் போய் வேறு சிலிண்டர் கொண்டுவரக் கிளம்பினார். அவர் தலை தெரு முனையில் மறைந்ததும் மலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மாமாதான் முதலில் பேசினார். ஓனரின் மனைவியிடம், கன்னடத்தில், மெதுவாக: "இது எத்தனாவது தடவை அம்மா?"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

"நாலாவது" என்றார் அந்த அம்மாள். "இது சின்னது."

செல்வராஜ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. குழாயை மாற்றினோம். மாமாவின் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்ததும், மகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"செல்வம், குழியில தண்ணி பூந்தா இன்னா பண்ணுவோம் தெரியுமா? பெல்லு அடிப்போம். கூண்டு வரும். ஏறிக்கினு மேல வந்துருவோம். எவ்ளோ ஆழமா இருந்தாலும் பயமில்ல, ஏன்னா கூண்டு கீது." மூச்சு வாங்கினார். "இங்க கூண்டு எங்கடா?"

செல்வராஜ் ஈர லுங்கியோடு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். "ஏப்ரல்ல வந்தப்போ குழாயில தண்ணி கொட்டிச்சுப்பா" என்றார்.

"வேணாம் மாமா. இந்த வீடு வேணாம்" என்றாள் மலர். சொல்லிவிட்டு அழுதாள்.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வடிந்து, தெருவெல்லாம் சேறு. ஓனரின் மனைவி கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்தேன். கீழ் வீட்டை அவர்கள் ஏற்கெனவே கழுவ ஆரம்பித்திருந்தார்கள். ஓனர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கு வந்து பாருங்கள், போரில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று. அந்த யாரோவும் கோடையில் குளிக்க முறை வைத்துக் களைத்தவராக இருக்கும். அவர் வீட்டிலும் படி ஏற முடியாத ஒருவர் இருக்கலாம்.

எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை, வந்த மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுவது. அச்சகத் தொழில்காரன், சட்டைப் பையில் மார்க்கர் எப்போதும் உண்டு. டைல்ஸில் சேறு படிந்திருந்த மட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். தேதி போட்டேன். கீழே, பத்திரத்தில் போடுவதற்காகப் பழகி வைத்திருந்த என் முழுக் கையெழுத்தைப் போட்டு, ஊர்ப் பெயரும் எழுதினேன். ஓனர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை, திட்டவில்லை. நாங்கள் தெரு திரும்பும்போது கையில் துணியோடு சுவர்ப் பக்கம் போவது தெரிந்தது. துடைக்கச் சுலபம் என்று அவர்தான் சொன்னாரே.

வீட்டுக்கு போன் செய்து, கிரைண்டரைப் பரணில் ஏற்றச் சொன்னேன். "அங்க மழையா? இங்க வெயிலடிக்குது" என்றாள் மனைவி. நேற்று என் தங்கை வாசலிலிருந்து தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்று எல்லா சாமிகளையும் வேண்டியது நான்தான். வடிந்துவிட்டது. எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அவளிடம் விளக்கவில்லை. ஏற்றி வை என்று மட்டும் சொன்னேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவள் கிண்டல் செய்யவில்லை.

நீலசந்திரா வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. படிக்கட்டின் அடியில் நாற்காலியை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, செல்வராஜ் தலைப்பக்கம் போனார். நான் கால்பக்கம் குனிந்தேன்.

"இரு" என்றார் மாமா. "டீ குடிச்சிட்டுப் போலாம்."

சந்து முனையில் டீக்கடை. அவரை அங்கே தூக்கிக்கொண்டு போய்த் தெருவைப் பார்க்க உட்கார வைத்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் குடித்தார். கறிக்கடை, தள்ளுவண்டி, சண்டை போட்டபடி போகும் இரண்டு பெண்கள், யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தார். மேலே போனால் இனி எப்போது இறங்குவார் என்ற கேள்வி எங்கள் நாலு பேருக்குள்ளும் இருந்தது. கிழக்கே அடுக்குமாடிகளுக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பார்த்துவிட்டேன். செல்வராஜும் பார்த்தார். மேலே ஐம்பத்தொரு படி.

"மாமா..." என்றேன்.

"இன்னொரு டீ சொல்லு தம்பி."

சொன்னேன். டீ வந்தபோது முதல் சொட்டுகள் விழுந்தன, பெரிது பெரிதாக. கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்தார். மாமா டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.